பலாமரத்து வளைவில் ஏறாத பயணி

பஸ் நிறுத்தத்தில் ஒருவன் நின்றால் பஸ்ஸில் ஏறத்தான் நிற்கிறான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள் தம்பிகளா. பாதி சர்வீஸைக் கீழ்நாட்டு ரூட்டிலேயே ஓட்டி முடித்தவனுக்கு வேறென்ன தோன்றும்? கரும்புக் கொல்லை ஓரம் ஓர் ஆள் நிற்பான், கையை நீட்டுவான். நிறுத்தினால் ஏறுவான். நிறுத்தாவிட்டால் என் வம்சத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வான். மூன்றாவதாக ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியாது.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. அது இதைவிடப் பெரிய முட்டாள்தனம். கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறுகிற ரோடுதான் மலையைக் கீழ்நாட்டோடு கட்டிவைத்திருக்கும் கயிறு. அந்தக் கயிற்றின் நுனிதான் என் கையில் இருக்கும் ஸ்டியரிங். நான் போகாவிட்டால் மலை அப்படியே மிதந்து எங்காவது போய்விடும். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மலை ஏறும்போது என் மீசை கொஞ்சம் தூக்கிக்கொள்ளும் என்று எங்கள் கண்டக்டர் சொல்வார்.

மலை ரூட்டுக்குப் புதிதாகப் போட்டிருக்கும் பிள்ளைகள் சிலர் போன வாரம் என்னைத் தேடி வந்தீர்கள். மலையில் எப்படி ஓட்ட வேண்டும் என்று கேட்டீர்கள். கியரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், மீதியை மலையே சொல்லும். எனக்கு இடுப்பில் டிஸ்க் விலகி, வயதாவதற்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். சாயங்காலமானால் கால் தானாகக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறது. மலையிலிருந்து வரும் வண்டி வந்து நிற்கும். யார் இறங்குகிறார்கள், கூரையில் என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பேன். டயரில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்தால் மேலே மழையா வெயிலா என்று தெரிந்துவிடும். அந்த ஈர மண் வாசனைக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகும். ஆனால் ஏற மாட்டேன். ஏறினால் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு நானும் தரையை மிதிப்பேன். அவனுக்கு எதற்கு இரண்டு பிரேக்? ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

'பலாமரத்து வளைவுல நிறுத்தம்னு போட்டிருக்கு, அங்க யாருமே நிக்கிறதில்லியே' என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். தெரியும். அங்கே நின்ற ஒருவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மலை ரூட் போட்ட அன்று வீட்டுக்குப் போய், இன்சூரன்ஸ் பேப்பர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மனைவிக்குக் காட்டினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'வரும்போது ரிமோட்டுக்கு பேட்டரி வாங்கியாங்க' என்றாள். மறுநாள் முதல் வளைவிலேயே எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். பாதி மலையில் சாமிகள் தீர்ந்துபோய், செத்துப்போன மாமனாரைக் கூப்பிட ஆரம்பித்தேன். உயிரோடு இருக்கும்போது அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

ஆனால் மலை ஒரு விசித்திரமான ஆசாமி. பயமுறுத்திக்கொண்டே பழக்கப்படுத்திவிடும். சில மாதங்களில் காலண்டர் பார்ப்பதையே விட்டுவிட்டேன். வண்டிக்குள் வீசும் வாசனையே மாதத்தைச் சொல்லிவிடும். பலாப்பழ நாளில் கூரை முழுக்க முள்முள்ளாக இருக்கும். புளி நாளில் பல் கூசும். கடுக்காய் மூட்டை, தேன் டின், சாமை மூட்டை எல்லாம் கீழே இறங்கும். மேலே போகும்போது உரம், சிமென்ட் ஷீட்டு, கூடை நிறையக் கோழிக்குஞ்சு, விடுதிக்குத் திரும்பும் பிள்ளைகள், யாரோ யாருக்கோ கொடுத்தனுப்பும் பரோட்டா பார்சல். எதிரே மரவள்ளிக்கிழங்கு லாரி வந்தால் நான் மலையோடு மலையாக ஒட்டிக்கொள்வேன். பொங்கல் முடிந்த வாரம் மட்டும் எனக்குப் பிடிக்காது. குடகுக்குக் காபி பறிக்கவும் கேரளத்துக்கு மிளகு பறிக்கவும் ஜனம் கும்பல் கும்பலாக இறங்கும். இறங்கும் வண்டியில் நிற்க இடமிருக்காது. ஏறும் வண்டியில் நானும் கண்டக்டரும் காலி சீட்டுகளும் மட்டும்.

அப்படி ஒரு காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போன நாளில்தான் பலாமரத்து வளைவில் அவனைப் பார்த்தேன். என் வயது இருக்கும். தலையைப் படிய வாரி, கைலியை இறக்கிவிட்டு, ஆபீசரைப் பார்க்க வந்தவன் மாதிரி நின்றிருந்தான். ஏற்றத்தில் நிறுத்துவது எனக்கு அப்போது உயிர் போகிற காரியம். நிறுத்தினேன். அவன் முன்சீட்டிலிருந்து பின்சீட்டுவரை ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"ஏறுப்பா."

"நீங்க போங்க."

"பின்ன இன்னாத்துக்கு நிக்கிற?"

"நிக்கிறேன்."

"யோவ், நிறுத்தி எடுக்கிறதுக்குள்ள எனக்கு உயிரு போயி வருது. உனக்கு வேடிக்கையா இருக்குதா?"

"நான் கையே காட்டலியே. நீங்களா நிறுத்தினீங்க."

சரிதான். அவன் கை காட்டவில்லை. ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கண்டக்டர் அந்த ரூட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், கண்டக்டர் என்றே இருக்கட்டும். அவர்தான் சொன்னார். அவன் பெயர் கோவிந்தன். மனைவி மல்லிகா. மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்புக்காக மல்லிகா, கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் கும்பலோடு குடகுக்குப் போயிருக்கிறாள். அவன் போகவில்லை. ஒரு காலத்தில் கிழங்கு லாரியில் மூட்டைக்கு மேல் உட்கார்ந்து இறங்கியவன். இதே மலையில் லாரி கவிழ்ந்தது. எல்லாரும் குதித்துத் தப்பினார்கள், இவனுக்கும் ஒரு சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அதிலிருந்து சக்கரம் வைத்த எதிலும் ஏறுவதில்லை.

"சைக்கிள் கேரியர்ல கூட ஒக்கார மாட்டாருண்ணா" என்றார் கண்டக்டர்.

எனக்கு அவன்மேல் மரியாதை வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. அவன் யோக்கியமாக ஏறாமல் இருந்துவிட்டான். என்னைச் சம்பளம் கொடுத்து ஏற்றியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு தினமும் நிறுத்துவேன். அவன் ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பான்.

"இன்னா கோவிந்தா, இன்னிக்காச்சும் ஏறு. டிக்கெட்டு நான் எடுக்கிறேன்."

"நீங்க ஒழுங்கா ஓட்டக் கத்துக்கினு வாங்க, அப்பால பாக்கலாம்."

பிறகு ஒரு கேள்வி கேட்பான். "அந்தப் பக்கம் மழையாங்க?"

அந்தப் பக்கம் என்றால் குடகு. என் ரூட் கள்ளக்குறிச்சியில் ஆரம்பிக்கிறது. குடகு சேலத்துக்கும் அப்பால், மைசூருக்கும் அப்பால். ஆனால் அவன் கணக்கில் கீழேயிருந்து வருகிறவன் குடகுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். முதல் நாள், 'எனக்கெப்படித் தெரியும்?' என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. அடுத்த நாளிலிருந்து வானிலை அறிக்கை வாசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"நேத்து நல்ல மழையாம். காபிச் செடிக்கு நல்லதாம்."

"மழைன்னா அட்டை ஏறுமே காலுல."

"இந்த வருசம் அட்டை கம்மியாம்பா."

தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வான். ஒரு நாள் சந்தேகம் வந்துவிட்டது. "நெசமாவா சொல்றீங்க?"

"பின்ன? பொய் சொல்லுவனா?"

"பொய்யா இருந்தாலும் நல்லாதான் சொல்றீங்க. நாளைக்கும் சொல்லுங்க."

போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அவன் ஊரில் டவர் கிடைக்காது. ஒரு பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். அவள் எஸ்டேட்டிலும் ஒரு மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். அவன் பாறையிலும் அவள் மேட்டிலும் ஒரே நேரத்தில் நின்றால் பேச்சு, இல்லாவிட்டால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒத்துவந்தால் திங்கட்கிழமை அவன் முகத்திலேயே தெரியும்.

"எப்ப வர்றாங்களாம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மிளகு முடிஞ்சதும்னுச்சு. அப்பால களையெடுப்பு முடிஞ்சதும்னுச்சு."

"அப்ப முடிஞ்சதும் வந்து நில்லேன். இப்பவே எதுக்குத் தெனைக்கும் நிக்கிற?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "எப்பனா திடீர்னு வந்து எறங்கினா? யாருமே நிக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

அன்று வெள்ளிமலை போய்ச் சேர்ந்ததும் மனைவிக்குப் போன் செய்தேன். காரணமில்லாமல் நான் போன் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. "இன்னா ஆச்சு? வண்டிய எங்கனா இடிச்சிட்டீங்களா?" என்றாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், மதிய வண்டி. கள்ளக்குறிச்சியில் ஓர் அம்மாள் ஏறி என் இடப்பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். வயிறு பிதுங்கிய ஒரு பை, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய குடை, ரப்பர் செருப்பு. கண்டக்டர் வந்ததும், "பலாமரத்து வளைவு ஒண்ணு குடுங்க" என்றாள். கண்டக்டர் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. அந்த இடத்துக்கு யாரும் டிக்கெட் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

நான் திரும்பினேன். "நீ கோவிந்தன் வூட்டுக்காரம்மாவா?"

"ஆமாங்க. அவர ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா! எனக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறவரே அவருதாம்மா. தெனைக்கும் அங்க நின்னு வண்டிய செக் பண்ணிட்டுத்தான் அனுப்புவாரு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே கேட்டாள்.

"தெனைக்குமா நிக்கிறாரு?"

"தெனைக்கும்."

கச்சிராயபாளையம் வந்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "குடகுல இந்த வருசம் அட்டை கம்மிதானே?" என்று கேட்டேன்.

"ஐயோ, ரொம்ப ஜாஸ்திங்க. கணுக்காலு பூரா தழும்புதான். யாரு கம்மின்னது?"

"யாரோ சொன்னாங்க" என்று சொல்லி கியர் மாற்றினேன்.

தீபாவளிவரை இருக்கப் போகிறாளாம். முடிந்ததும் திரும்பிவிட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியனுப்பியிருக்கிறார். தீபாவளிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. நான் உடனே ஒரு வாக்குக் கொடுத்தேன். "ஒன்ன அந்த வளைவுல எறக்கி அவரு கையில ஒப்படைக்கிறது என் பொறுப்பும்மா. அப்ப அவரு மூஞ்ச நான் பாக்கணும்." தம்பிகளா, பயணிக்கு ஏற இடம் கொடுங்கள், டிக்கெட்டுக்குக் கடன்கூடக் கொடுங்கள், வழி சொல்லுங்கள். வாக்கு மட்டும் கொடுக்காதீர்கள். வாக்குக் கொடுத்த டிரைவர் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாக்கைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்துவிடுவான்.

பாதி மலைக்குமேல் மழை சாட்டையால் அடித்தது. வைப்பர் இரண்டு பக்கமும் ஆடியதே தவிர எதையும் துடைக்கவில்லை. பலாமரத்து வளைவுக்கு இன்னும் சில வளைவுகள் இருக்கும்போது, திருப்பத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மலை கொஞ்சம் வந்து உட்கார்ந்திருந்தது. மண்ணும் மரமும் ஒரு பெரிய பாறையும். மலைப் பக்கம் முழுக்க அடைபட்டு, பள்ளத்துப் பக்கம் ஒரு வண்டி அகலத்துக்கு இடம் இருந்தது. இருந்தது போலத் தெரிந்தது. அதன்மேல் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளிமலை, அதற்கும் அப்பால் இருக்கும் ஊர்க்காரர்கள்.

"போவும் டிரைவரே, ஒட்டி எடுங்க."

"லாரியே போவும். இது இன்னா?"

"நான் எறங்கி ஸைடு சொல்றேன், நீங்க பயப்படாம வாங்க."

மல்லிகா மட்டும் கத்தவில்லை. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, "போயிடலாமாங்க?" என்று மட்டும் கேட்டாள். நாற்பது பேர் கத்தியதைவிட அந்த ஒரு கேள்விதான் என்னைப் பிடித்துத் தள்ளியது.

இறங்கினேன். பெரிய இன்ஜினியர் மாதிரி பள்ளத்து ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஆராய்ச்சி செய்கிறேன் என்று வண்டியில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் கால் நிற்கவில்லை, அதனால் உட்கார்ந்தேன். விளிம்பில் ஒரு காலை ஊன்றிப் பார்த்தேன். மண் கொஞ்சம் அமுங்கியது. மண்தான் அமுங்கியதா, என் முழங்கால்தான் மடங்கியதா, இன்றுவரை தெரியாது.

எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். மல்லிகா வண்டியில் இல்லாவிட்டால், வாக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால், இதில் வண்டியை விடுவேனா? விட மாட்டேன். பிறகென்ன? எழுந்துவந்து, திரும்பப்போகிறோம் என்று சொன்னேன். என் வம்சம் மறுபடி ஒருமுறை அலசப்பட்டது.

அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை. கீழே அகலமான திருப்பம் வரும்வரை பின்னாலேயே இறக்க வேண்டும். எல்லாரையும் இறக்கிவிட்டேன். வண்டி கவிழ்ந்தால் நான் மட்டும் போகட்டும் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சரியான காரணம் அதுதான். ஆனால் மாமனாரைக் கூப்பிடுவதை நாற்பது பேர் கேட்க வேண்டாம் என்ற காரணமும் கொஞ்சம் இருந்தது. ஜனம் வண்டிக்கு முன்னால் மழையில் நடந்துவர, கண்டக்டர் பின்னால் நின்று விசில் ஊத, "வா, வா, வா... ஓல்டான்!" என்று அவர் கத்துவதையும் கண்ணாடியில் தெரியும் ரோட்டு ஓரத்தையும் தவிர உலகத்தில் எனக்கு வேறொன்றும் இல்லை. அந்த அகலமான திருப்பத்துக்கு வந்து, வண்டியைத் திருப்பி, எல்லாரையும் ஏற்றினோம்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றார் கண்டக்டர்.

"ஏறியாச்சு, ஏறியாச்சு" என்றது வண்டி. நனைந்த ஜனம் எப்போதும் அப்படித்தான் சொல்லும்.

அணைக்குப் பக்கத்தில் வந்து நிறுத்தி, மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். முன்சீட்டு காலியாக இருந்தது.

பின்சீட்டில் பார்த்தோம். படிக்கட்டில் பார்த்தோம். நான் குனிந்து சீட்டுக்கு அடியில்கூடப் பார்த்தேன். மேலே மழையில் நடந்துவந்தபோது யாரும் அவளைத் தனியாகக் கவனித்திருக்கவில்லை.

"பையும் இல்லண்ணா" என்றார் கண்டக்டர்.

"ஐயோ, பையோட விழுந்துட்டாளா!"

"விழுறவங்க பைய எடுத்துக்கினா விழுவாங்க? கொஞ்சம் மூச்சு விடுங்கண்ணா."

மூச்சு எங்கே வந்தது? பயணிகளைக் கச்சிராயபாளையத்தில் இறக்கி, தகவல் சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் சொன்னோம். ஆட்கள் ஜீப்பில் போய் மண்சரிவுவரை பார்த்துவிட்டு வந்தார்கள். பள்ளத்தில் யாரும் இல்லை, மண்ணுக்கு அடியில் எதுவும் தெரியவில்லை என்றார்கள். 'தெரியவில்லை' என்ற வார்த்தையை நான் வைத்துக்கொண்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேலே எந்த ஊருக்கும் போன் போகவில்லை, மழையில் கரண்டும் இல்லை. ரோடு சரியாகப் பல நாள் ஆகும் என்றார்கள். நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். ஒருவன் பலாமரத்தடியில் நனைந்துகொண்டு நிற்கிறான். வண்டி வரவில்லை. அதில் அவள் வந்தாள் என்பதே அவனுக்குத் தெரியாது. அதைப் போய்ச் சொல்ல வேண்டியவன் நான்.

விடிந்ததும் நடந்தே போவது என்று கிளம்பிவிட்டேன். கண்டக்டர் வண்டியோடு இருந்தார். சரிவைத் தாண்டி எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டே அணைக்கு அப்பால் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். அப்போது புதருக்குள்ளிருந்து இரண்டு ஆடுகள் வந்தன. அவற்றின் பின்னால் ஒரு மனிதர் வந்தார். மலைக்காரர். தீபாவளிக்கு விற்க ஆடு ஓட்டிக்கொண்டு போகிறார்.

"ரோடுதான் அடைஞ்சு கெடக்குதே, எப்படி வந்தீங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரோடு அடைஞ்சா ரோட்டுக்குத்தானே? நாங்க தடத்துல வந்தோம்."

"எந்தத் தடம்?"

"இது இன்னா கேள்வி! மலைய ஆண்ட ஜாகீர்தாருங்க காலத்துல இங்க ரோடு ஏதுங்க? எங்க தாத்தா கடுக்கா மூட்டையத் தலையில வச்சிக்கினு உப்புக்கும் துணிக்கும் இதுலதான் எறங்குவாரு. ரோடு நேத்து வந்தது. அது சுத்திச் சுத்திப் போவும், இது நேரா போவும்." ஆடுகளைப் பிடித்து நிறுத்திக்கொண்டு கேட்டார். "நீங்க மல வண்டி டிரைவர்தானே? நடக்கத் தெரியுமா?"

ஒரு பெண்ணைப் பார்த்தாரா என்று கேட்டேன். அவர் ஊர் வேறு பக்கம், பார்க்கவில்லை. தடத்தைக் காட்டிவிட்டு, சறுக்கினால் எந்தச் செடியைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் பிடித்ததெல்லாம் பிடிக்கக் கூடாத செடிதான்.

இத்தனை வருடம் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறேன், அதன்மேல் கால் வைத்தது அன்றைக்குத்தான். இரண்டு மூன்று இடத்தில் தடம் என் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அப்படி ஓர் இடம், வண்டி நின்ற திருப்பத்துக்குச் சற்று முன்னால். எட்டிப் பார்த்தேன். நேற்று நான் காலை ஊன்றிப் பார்த்த விளிம்பு அப்படியே, ஒரு பிடி மண்ணும் சரியாமல் இருந்தது. போயிருந்தால் போயிருக்கலாமோ? வண்டியின் பாரத்தில் சரிந்திருக்குமோ? உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம் என்று ஏதாவது இருந்தால் இதுதான். நம் வேலையில் நிறுத்தியது சரி என்று யாரும் வந்து நிரூபித்துக் காட்ட மாட்டார்கள். திட்டு மட்டும் ரொக்கமாகக் கிடைக்கும். வாங்கிக்கொண்டு நிறுத்த வேண்டும்.

பலாமரத்து வளைவில் யாரும் இல்லை.

அந்த மரத்தடியை ஆள் இல்லாமல் நான் அதுவரை பார்த்ததில்லை. அவன் நின்று நின்று புல் முளைக்காத ஓர் இடம் மட்டும் இருந்தது, அதில் தண்ணீர் தேங்கியிருந்தது. மலை முழுக்கச் சத்தமே இல்லை. என் தலைக்குள் மட்டும் எல்லாச் சத்தமும். அவளைத் தேடிப் பள்ளத்தில் இறங்கிவிட்டானா? விஷயம் தெரிந்துவிட்டதா? வாசலில் கூட்டம் இருக்குமோ? என்ன சொல்வது என்று வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட நினைவில்லை. அவன் வீடு எது என்று தெரியாது. வளைவுக்குமேல் புகை தெரிந்த பக்கம் ஏறினேன்.

சாமைக் கொல்லைக்கு நடுவில் ஷீட்டு போட்ட வீடு. கூரைமேல் ஓர் ஆள் ஷீட்டுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"இன்னா டிரைவரே, நடந்து வர்றீங்க? பஸ்ஸ எங்க வுட்டீங்க?"

கூரைக்குக் கீழே போய் நின்றேன். "கோவிந்தா... நேத்து வண்டியில..."

வீட்டுக்குள்ளிருந்து முறத்தோடு மல்லிகா வெளியே வந்தாள்.

நான் அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா? நேத்துலேர்ந்து செத்துக்கினு இருக்கேன்!"

"சொல்லாமலா? வண்டிக்கு நேரா நின்னு ரெண்டு வாட்டி கை காட்டினேன்ண்ணா. நீங்க பின்னாடியே பாத்துக்கினு இருந்தீங்க. அங்கேர்ந்து நம்ம தடம் பக்கம்தானே, ஏறிட்டேன்."

கூரைமேல் கோவிந்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீங்க சிரிக்காதீங்க" என்று மேலே பார்த்துச் சொன்னாள் அவள். "இவர கேளுங்கண்ணா. மேல ஏறி வந்து இவரு பின்னாடி நிக்கிறேன். ரோட்டையே பாத்துக்கினு நிக்கிறாரு. இருமினேன். திரும்பாமயே சொல்றாரு, 'நகரு, பஸ்ஸு வர்ற நேரம்'னு."

தீபாவளி முடிந்தும் மல்லிகா திரும்பிப் போகவில்லை. 'தெனைக்கும் நிக்கிறவர வுட்டுட்டா? படிப்புச் செலவுக்கு இங்கயே வேல பாத்துக்கலாம்' என்றாளாம். மேஸ்திரி ஆள்மேல் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பலாமரத்து வளைவில் நிற்க யாருக்கும் வேலை இல்லாமல் போனது. ஓய்வு பெறும்வரை என் கால் மட்டும் அந்த இடத்தில் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது. குடகில் மழையா என்று கேட்க ஆளில்லாமல், வாய்வரை வந்த பொய்யை விழுங்கிக்கொண்டு கியர் மாற்றுவேன்.

அன்று நடந்தது இவ்வளவுதான். நான் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், கோவிந்தன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான், மல்லிகா நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.